சித்தி என்பது அவள் பெயர்

1955-ஆம் வருஷம் மாசிக் கடைசியில் மீரா சாகிபு பினாங்கிலிருந்து கோட்டைப்பட்டினத்துக்குத் திரும்பி வந்தார். நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டிறங்கி, அறந்தாங்கி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்தார். கூடவே மூன்று தகரப்பெட்டி, ஒரு சுருட்டின பாய், ஒரு புது மனைவி. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லார் கண்ணும் கடைசியாக இறங்கியவள் மேல்தான் இருந்தது.

வாசலில் நின்று வரவேற்றது அவருடைய அக்கா ரம்லத் பீவி.

"பொண்ணு பேரு என்ன தம்பி?"

"சித்தி."

"முறையைக் கேக்கலைப்பா. பேரைக் கேக்குறேன்."

"பேரே அதுதான் அக்கா. சித்தி மரியம். மலாய்க்காரங்க. அங்கிட்டு தெருவுக்குப் பத்து சித்தி இருப்பாங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "பேருலேயே சித்தியா? அப்ப கொடுமையும் பெட்டியில வந்திருக்கும்" என்று ஒரு குரல் சொன்னது. வேறு நாலு பேரும் சிரித்தார்கள். வந்தவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். தன்னை வரவேற்றுத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அவளும் சிரித்தாள்.

மாமி ரம்லத் பீவியின் முதுகுக்குப் பின்னால் நின்ற ரமீஜா மட்டும் சிரிக்கவில்லை. ரமீஜா, மீரா சாகிபின் மகள். பத்து வயது. அவளுடைய அம்மா காய்ச்சலில் இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அம்மா படுக்கையில் கிடந்த நாட்களில் தினமும் ஒரே கேள்விதான் கேட்டாள். "அத்தா கிட்டேருந்து கடுதாசி வந்துச்சா?" வரவில்லை என்று சொல்வதுதான் ரமீஜாவின் வேலையாக இருந்தது. பினாங்கிலிருந்து கடிதம் வந்தபோது அதைப் படித்துக் காட்ட அம்மா இல்லை. இப்போது கடிதத்துக்குப் பதிலாக அத்தாவே வந்துவிட்டார், அம்மாவின் இடத்துக்கு ஆளையும் கூட்டிக்கொண்டு.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் தோழி செவந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். செவந்திக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"ஏ ரமீஜா, ஒங்க சித்தி பேரு சித்தியாமே?"

"எங்க வீட்ல சித்தின்னு சொல்றதில்லை. சின்னம்மான்னுதான் சொல்லுவோம்."

"எங்க வீட்ல சொல்லுவோம். அம்மாவோட தங்கச்சி சித்தி. அப்பாவுக்கு ரெண்டாவதா வந்தாலும் சித்தி."

போதாத காலம் பாருங்கள், அன்றைக்கென்று குழந்தைசாமி வாத்தியார் செய்யுள் பாடம் நடத்தினார். "காரியம் சித்தி ஆகும் என்றால் காரியம் கைகூடும் என்று பொருள். அது வடமொழிச் சொல்" என்றார். செவந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரமீஜா சிலேட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஓதுகிற பள்ளிக்குப் போனால் அங்கேயும் அதே வார்த்தைதான். ஓதிக் கொடுக்கும் உஸ்தாது தாமாகவே பேச்சை எடுத்தார்.

"அரபுல ஸித்தீன்னா 'என் சீமாட்டி'ன்னு மரியாதையாக் கூப்பிடுறது. அது கப்பலேறி மலாய் நாட்டுக்குப் போயி பொம்பளைப் புள்ளைங்க பேரா ஆயிருச்சு. நல்ல பேருதான் புள்ள."

ரமீஜா வீட்டுக்கு நடந்துகொண்டே கணக்குப் போட்டாள். தமிழில் ஓர் அர்த்தம். வடமொழியில் ஓர் அர்த்தம். அரபியில் ஓர் அர்த்தம். வாயில் சொன்னால் மூன்றும் ஒன்றுபோல்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எனக்கும் அவங்களுக்கும் இருப்பது மாதிரி என்று நினைத்துக்கொண்டாள். அன்றே ஒரு முடிவும் செய்தாள். அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வரவே கூடாது. சின்னம்மாவும் கிடையாது.

அப்படியானால் எப்படிக் கூப்பிடுவது? கூப்பிடாமலே இருப்பதுதான். "இந்தாங்க", "அத்தா வரச் சொன்னாங்க", "மாமி கேட்டாங்க". ஒரு நாளை ஓட்ட இது போதும். ஒரு வருஷத்தையே கூட ஓட்டலாம்.

அந்த வீட்டில் வேறு யாரும் வந்தவளின் பெயரைச் சொல்லவில்லை என்பதை ரமீஜா கவனிக்கவில்லை. அத்தா "இந்தா" என்பார். மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அந்த ஊரில் ஏது? மாமிக்கு அவள் மலாய்க்காரி. தெருவுக்கு மீரா சாகிபு வீட்டு மலாய்க்காரி.

செவந்தி மட்டும் ஒருநாள் விளையாட வந்தவள், தன் வீட்டு வழக்கப்படி, "சித்தி, குடிக்கத் தண்ணி குடுங்க" என்று கேட்டுவிட்டாள். சமையலறையில் சட்டி ஒன்று கீழே விழுந்தது. தண்ணீர் வந்தது. பின்னாலேயே மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம் ஒரு தட்டு நிறைய வந்தது. தட்டைச் செவந்தி கையில் கொடுத்துவிட்டு அவள் செவந்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணிதானே கேட்டேன்" என்றாள் செவந்தி, வாய் நிறைய மென்றபடி. ரமீஜா ஒரு துண்டுகூடத் தொடவில்லை. வந்த பிள்ளைக்கு இந்த உபசாரம், வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று கருவிக்கொண்டாள்.

ஆனி மாதம் அத்தா ஊரில் புதிதாக வைத்த கடைக்குச் சரக்கு வாங்க வெளியூர் போயிருந்தார். சித்தி மரியம் ஒரு வாரமாக உட்கார்ந்து தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதினாள். உறையின் மேல் அத்தா முன்னமே இங்கிலீஷில் விலாசம் எழுதி வைத்திருந்தார். அந்த ஊரில் பெண்கள் கடைத்தெருப் பக்கம் போவதில்லை. எதுவானாலும் பிள்ளைகள்தான் ஓடி வாங்கி வர வேண்டும், ஓடிப் போட்டு வர வேண்டும். கடிதம் ரமீஜாவின் கைக்கு வந்தது.

"நல்லா போடு. உள்ளே விழுந்துச்சா பாரு" என்றாள் அவள். தபால் பெட்டியில் கையை விட்டுப் பார்க்கச் சொல்லிச் சைகையும் காட்டினாள்.

கோந்து இன்னும் காயவில்லை. பாதி வழியில், வேப்பமரத்தடியில் நின்று ரமீஜா உறையைத் திறந்தாள். திறப்பது தப்பு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் திறந்தாள்.

உள்ளே இருந்த எழுத்தைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டுப் போனாள். அது அவள் தினமும் ஓதுகிற அரபி எழுத்து. மலாய்க்காரர்கள் தங்கள் பாஷையை அந்த எழுத்தில்தான் எழுதுவார்களாம். எழுத்து தெரிந்தது, அர்த்தம் தெரியவில்லை. ஓதும் புத்தகத்தில் எழுத்துக்கு மேலும் கீழும் குறி இருக்கும். இதில் ஒரு குறியும் இல்லை. நடுநடுவே மூன்று புள்ளி வைத்த புது எழுத்து வேறு.

ஆனாலும் ஒரு வார்த்தை பளிச்சென்று தெரிந்தது. ரே, மீம், யே, ஜீம், அலிஃபு. ரமீஜா. அவளுடைய பெயர்தான். விரல் வைத்துத் தேடினாள். இன்னொரு ரமீஜா. அடுத்த பக்கத்தில் மூன்று. மொத்தம் ஏழு இடத்தில் இருந்தது.

ஒரு கடிதத்தில் ஒரு பிள்ளையின் பெயரை ஏழு தடவை எதற்காக எழுதுவார்கள்? புகார் சொல்லத்தான். ஏழு புகார். கடல் தாண்டி இருக்கிற ஒரு கிழவி தன்னைப் பற்றி ஏழு கெட்டது படிக்கப் போகிறாள். ரமீஜாவுக்குக் காது சுட்டது.

கடிதத்தைத் தபால் பெட்டியில் போடவில்லை. வீட்டுக்கு வந்து, உள்ளறையில் இருந்த தன் அம்மாவின் ஓலைப்பெட்டிக்குள், அம்மாவின் துப்பட்டிக்கு அடியில் வைத்தாள்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

அவள் ரமீஜாவின் தலையைத் தொட வந்தாள். ரமீஜா நகர்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு சித்தி மரியம் தினமும் தபால்கார மரியசெல்வம் சைக்கிள் மணி அடிக்கும் நேரத்துக்குக் கதவோரம் வந்து நின்றாள். "இன்னிக்கு இல்லைம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போய்க்கொண்டே இருப்பார். கப்பல் தபால், மெல்லத்தான் வரும் என்று அத்தா தேறுதல் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து அவள் இன்னொரு கடிதம் எழுதி ரமீஜாவிடம் கொடுத்தாள். இதையாவது போட்டிருக்கலாம். ஆனால் இதில், 'முதல் கடிதம் வந்ததா, ஏன் பதில் இல்லை' என்று எழுதியிருக்குமே. அங்கிருந்து 'எந்தக் கடிதம்?' என்று கேட்டு எழுதுவார்களே. ஒரு பொய்யைக் காப்பாற்ற ரமீஜாவுக்கு இரண்டாவது பொய் வேண்டியிருந்தது. இரண்டாவது கடிதமும் ஓலைப்பெட்டிக்குள் போயிற்று.

அந்த ஏழு புகார் என்ன என்று தெரியாமல் ரமீஜாவால் இருக்க முடியவில்லை. மாமி மத்தியானம் கண்ணயரும் நேரத்தில் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். அர்த்தம் சொல்ல ஊரில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அந்த ஆளிடமே கேட்பது என்று முடிவு செய்தாள்.

"ஒங்க ஊர்ல மீனுக்கு என்ன சொல்லுவீங்க?" என்று ஒருநாள் சமையலறை நிலைப்படியில் நின்று கேட்டாள்.

மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். ரமீஜா தானாக வந்து பேசியது அதுதான் முதல் தடவை. "ஈக்கான்" என்றாள்.

"வீட்டுக்கு?"

"ரூமா."

"சோத்துக்கு?"

"நாசி." அவள் தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, "இது இல்லை. சோறு. ஒங்க ஊர்ல நாசி மூக்கு, எங்க ஊர்ல நாசி சோறு" என்று சொல்லிச் சிரித்தாள்.

அன்றிலிருந்து கேட்காததற்கும் பெயர் சொன்னாள். ஆடு போனால் ஆட்டுக்கு, மழை வந்தால் மழைக்கு. அம்மா மக், பிள்ளை அனாக், பெயர் நாமா. ரமீஜா ஒவ்வொன்றையும் மனசில் வாங்கிக்கொண்டு போய்க் கடிதத்தில் தேடினாள். பிள்ளை தன்னிடம் ஒட்டிக்கொண்டது என்று அவள் சந்தோஷப்பட்டாள். பிள்ளை அவளுடைய கடிதத்தைத் திருட்டுத்தனமாகப் படிக்க அவளிடமே பாடம் கேட்டுக்கொண்டிருந்தது. கசப்பான வேடிக்கைதான், என்ன செய்ய?

ஒரு வார்த்தை மட்டும் பிடி கொடுக்கவில்லை. பே, லாம், வாவ், மீம். ரமீஜா என்ற பெயர் வரும் ஏழு இடத்திலும் பக்கத்திலேயே அந்த வார்த்தை இருந்தது. திமிர் பிடித்தவள் என்றிருக்குமோ? வாயாடி என்றிருக்குமோ?

புரட்டாசியில் ஒருநாள் மாமி சமையலறைக்கு வந்து, "சாப்பிட்டியாடி?" என்று கேட்டாள்.

"பெலூம்" என்றாள் அவள்.

ரமீஜா துள்ளி எழுந்தாள். பே, லாம், வாவ், மீம்.

"பெலூம்னா என்ன? இல்லைன்னு அர்த்தமா?"

"இல்லை இல்லை. இல்லைக்கு தீடா." அவள் தமிழைத் தேடித் தேடிச் சொன்னாள். "பெலூம்னா... இப்ப சாப்பிடலை. ஆனா சாப்பிடுவேன். இன்னும் இல்லை. சாப்பிட்டு முடிச்சா, சூடா."

"சூடா இல்லையே, சோறு ஆறிப்போச்சே" என்று மாமி பானையைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். மூன்றாவதாக ரமீஜாவும் சிரித்திருப்பாள். அவளால் முடியவில்லை.

ரமீஜா, இன்னும் இல்லை. ரமீஜா, இன்னும் இல்லை. ஏழு இடத்திலும் அதுதான் எழுதியிருந்தது. என்ன இன்னும் இல்லை என்பது புரியவில்லை. ஆனால் புகார் சொல்கிறவள் 'இன்னும்' என்று எழுத மாட்டாள் என்பது புரிந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு கடிதத்தையும் போட்டுவிடுவது என்று ரமீஜா தீர்மானம் செய்தாள். பிரித்த உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கைகூட எடுத்து வைத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ரமீஜா சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தபோது மரியசெல்வத்தின் சைக்கிள் மணி அடித்தது. "பினாங்குத் தபால்மா" என்றார் அவர்.

சித்தி மரியம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்து வாங்கினாள். நின்றபடியே பிரித்தாள். படிக்கப் படிக்க அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமி ஓடி வந்து தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னடி? யாரு எழுதினது?"

"தம்பி. மக் மௌத்து."

அம்மா இறந்துவிட்டாள். ஆவணி பிறந்து மூன்றாம் நாள். அவள் அழுதுகொண்டே ஒவ்வொரு வரியாகப் படித்துப் படித்து, உடைந்த தமிழில் மாமிக்குச் சொன்னாள்.

"மக் தினம் கேட்டுச்சாம், சித்தி கடுதாசி வந்துச்சா? தம்பி சொன்னானாம், பெலூம். மறுநாளும் கேட்டுச்சாம், வந்துச்சா? பெலூம். கடைசி நாள் கண்ணைத் திறக்கலையாம், வாய் மட்டும் கேட்டுச்சாம். பெலூம், மக். பெலூம்."

ரமீஜாவுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கேள்வியும் அவளுக்குத் தெரியும். அந்தப் பதிலை இதே வீட்டில் அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஆனியில் தந்த கடிதத்தை ஆனியிலேயே போட்டிருந்தால் ஆடி முதல் வாரத்தில் பினாங்கு போயிருக்கும். ஒரு மாதம் அந்தக் கிழவி அதைத் தலையணைக்குக் கீழே வைத்திருப்பாள்.

பேசாமல் இருந்துவிடலாம். கடல் வழியில் கடிதம் தொலைந்தது என்று எல்லாரும் நம்புவார்கள். ரமீஜா ஒரு நிமிஷம் அதையும் நினைத்தாள். பிறகு உள்ளறைக்குப் போய் ஓலைப்பெட்டியைத் திறந்து, இரண்டு கடிதங்களையும் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள்.

"நான் போடலை" என்றாள்.

மாமி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "அடிப் பாவி."

சித்தி மரியம் உறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரம் பிரிந்திருந்ததைத் தடவிப் பார்த்தாள்.

"ரெண்டுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ரெண்டும்."

அவள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரமீஜா கதவுக்கு வெளியே நின்று, "மன்னிச்சுக்கங்க" என்றாள். கதைகளில் இந்த இடத்தில் கதவு திறக்கும். இங்கே திறக்கவில்லை.

அத்தா கடையிலிருந்து வந்ததும் ரமீஜா தானே அவரிடம் சொன்னாள். ஓங்கி ஒன்று வைப்பார் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் அடிக்கவில்லை. "ஒங்க அம்மாவுக்கு நான் எழுதினதும் நேரத்துக்கு வந்து சேரலை. ஆனா அதை யாரும் ஒளிச்சு வைக்கலை" என்று மட்டும் சொன்னார். அன்று அவர் சாப்பிடாமலே படுத்தார். அடித்திருந்தால் தேவலை என்று ரமீஜாவுக்குத் தோன்றியது.

ஒன்பது நாள் அவள் ரமீஜாவுடன் பேசவில்லை. சோறு வைத்தாள், துணி துவைத்துப் போட்டாள், பேசவில்லை. கேட்காததற்கெல்லாம் பெயர் சொன்ன வாய் மூடிக்கிடந்தது. வீட்டில் மீன் மீனாகவே இருந்தது, மழை மழையாகவே பெய்தது.

இனி எந்தத் தபாலும் அந்தக் கிழவிக்குப் போகாது. என்ன செய்தாலும் போகாது. அப்படியானால் என்னதான் போகும்? ரமீஜா யோசித்து யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தாள். இறந்தவர்களுக்காகக் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதி, அதன் நன்மை அவர்களுக்குப் போய்ச் சேரட்டும் என்று கேட்பார்கள். அம்மாவுக்காக அவள் அப்படி ஓதியிருக்கிறாள். அதற்கு உறையும் வேண்டாம், தபால் பெட்டியும் வேண்டாம்.

பத்தாம் நாள் சாயங்காலம் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து ஓதினாள். கடிதத்தைத் திருடிப் படித்த அதே எழுத்து. இங்கே எல்லாக் குறிகளும் இருந்தன, ஒரு பிழை இல்லாமல் வந்தது. முடித்துக் கையை ஏந்தினாள்.

கையை ஏந்தியவள் திகைத்துப்போனாள். யாருக்காக ஓதியது என்று பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தக் கிழவியின் பெயரே ரமீஜாவுக்குத் தெரியாது. இத்தனை வார்த்தை கேட்டவள் அதை ஒருநாளும் கேட்கவில்லை. வேறு எப்படிச் சொல்வது? ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"யா அல்லா, இது பினாங்குல மௌத்தான... சித்தியோட அம்மாவுக்கு" என்றாள்.

சமையலறையில் அகப்பைச் சத்தம் நின்றது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. ரமீஜா புத்தகத்தை மூடி உயரத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாளும் ஓதினாள். அதற்கு மறுநாளும் ஓதினாள். ஒவ்வொரு நாளும் 'சித்தியோட அம்மாவுக்கு' என்றே முடித்தாள்.

நாலாம் நாள் அவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். கையில் முதல் கடிதம் இருந்தது.

"மக் பேரு ஆயிஷா" என்றாள். பிறகு கடிதத்தைப் பிரித்தாள். "மக் இதைப் படிக்கலை. நீயாவது கேளு."

அவள் மலாயில் ஒரு வரி படித்தாள், தமிழில் ஒரு வரி சொன்னாள். கடல் எப்படி இருந்தது, அறந்தாங்கியில் ரயிலை விட்டு இறங்கியபோது எவ்வளவு வெயில், மாமியின் மீன் குழம்பு எவ்வளவு காரம் என்றெல்லாம் எழுதியிருந்தாள். பிறகு இது வந்தது.

"இந்த ஊர்ல பெரியவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, மக். கப்பல் ஏறினதுலேருந்து என் பேரை யாரும் கூப்பிடலை. ஒருநாள் ஒரு சின்னப் பொண்ணு வந்து சித்தின்னு கூப்பிட்டுச்சு. எனக்கு நீங்க கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, இவங்க பாஷைல என் பேருக்கு சின்ன அம்மான்னு அர்த்தம். இந்த ஊர்லயே ரமீஜா ஒருத்திதான் மரியாதை கெடாம என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம். ரமீஜா இன்னும் கூப்பிடலை."

ரமீஜா தலை குனிந்துகொண்டாள்.

"ரமீஜா இன்னும் என் முகத்தைப் பாக்கலை. ரமீஜா இன்னும் தலை வார விடலை, முடி சிக்குப் பிடிச்சிருக்கு. ரமீஜாவுக்கு நான் பொரிச்ச வாழைப்பழம் இன்னும் பிடிக்கலை." அவள் ஏழையும் படித்தாள், ஒன்றையும் விடவில்லை. கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். "கவலைப்படாதீங்க, மக். எல்லாம் பெலூம்தான். ஒண்ணுகூட தீடா இல்லை."

"நான் தின்னே பாக்கலை" என்று ரமீஜா அழுதாள். "பிடிக்கலைன்னு எப்படி எழுதுனீங்க?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை மடித்தாள். ரமீஜாவை அணைத்துக்கொள்ளவில்லை. "எனக்கு இன்னும் கோபம் இருக்கு" என்றாள். ரமீஜா தலையாட்டினாள். கோபம் இருக்கத்தான் வேண்டும் என்று அவளுக்கும் தெரிந்தது.

ஐப்பசி மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில், சித்தி தன் தம்பிக்குப் பதில் எழுதி முடித்தாள். அத்தா அப்போது கடைக்குக் கிளம்பிக்கொண்டுதான் இருந்தார். அவரிடமே கொடுத்தனுப்பலாம். ஆனால் சித்தி அவரை விட்டுவிட்டு ரமீஜாவைக் கூப்பிட்டாள். உறையை ஒட்டாமலே நீட்டினாள்.

"படிச்சுப் பாரு. திருடாம படி."

ரமீஜா சுவரோரம் நின்று விரல் வைத்துக் கூட்டினாள். தன் பெயரைக் கண்டுபிடித்தாள். ஏழு இடத்தில் இருந்தது. முதல் இடத்தில், பெயருக்குப் பக்கத்தில் பே, லாம், வாவ், மீம் இல்லை. வேறு வார்த்தை இருந்தது. ஸீன், வாவ், தால், ஹே. கூட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சூடா" என்றாள். "இது கூப்பிட்டதுக்கா, சித்தி?"

"ஆமா."

ரமீஜா மேலே படித்தாள். முகம் சுருங்கியது. "ஒண்ணுதான் சூடாவா? மத்த ஆறும்?"

"பெலூம்" என்றாள் சித்தி. பொய் எழுத அவளுக்கு வராது.

 ரமீஜா கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒட்டாதீங்க, கொஞ்சம் இருங்க."

உள்ளே ஓடினாள். சீப்பையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு வந்தாள். சித்தியின் முன்னால் முதுகைக் காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சிக்கு நெறைய இருக்கு, மெதுவா இழுங்க. இதை முடிச்சுட்டு, தலை வாரினதையும் சூடான்னு மாத்தி எழுதிருங்க. அப்புறம் அந்த வாழைப்பழம்."

அந்தக் கடிதம் காலைத் தபாலில் போகவில்லை, சாயங்காலத் தபாலில்தான் போயிற்று. ரமீஜாதான் போட்டாள். உள்ளே விழுந்துவிட்டதா என்று கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினாள்.